கடல் தொட்டிக்கு நான் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர்

என் கணவர் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரமும் நான் அவரிடம் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மீனெல்லாம் நல்லா இருக்குங்க. நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க."

சொன்ன கையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியைத் துடைக்கத் தொடங்குவேன். அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அவர் எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். இருபத்து மூன்று வயதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவும் வேலைக்குப் போனார். அங்கே நீந்தப் பழகி, பிறகு முக்குளிக்கப் பழகி, கடைசியில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற ஆளாகிவிட்டார். பத்து வருடத்துக்கு மேல் அந்த வேலை. ஒரு நாள் ஆழத்தில் ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு இவர் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வரக்கூடாது, நின்று நின்றுதான் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவள் பிழைத்துவிட்டாள். இவருடைய முள்ளந்தண்டை இரத்தத்துக்குள் கிளம்பிய காற்றுக் குமிழிகள் கெடுத்துவிட்டன. நடைச்சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய கால்களில் பாதிக்கு மேல் உணர்ச்சி இல்லை. இனிமேல் கடலில் இறங்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். நான் காலையில் போனால் மாலையில்தான் வருவேன். அந்த நேரம் முழுக்க அவர் முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு வருடம் அப்படிப் போன பிறகு, தானாகவே ஒரு நாள், மூன்றடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்விக்கச் சொன்னார். அதைக் கடலாக்கப் போவதாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு யோசனை வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

கடலிலிருந்து பவளப் பாறை எடுக்கச் சட்டம் விடாது. அவரே சீமெந்தையும் சிப்பித் தூளையும் குழைத்து, துளை துளையாகப் பாறைகள் செய்தார். திருகோணமலையிலிருந்து மாத்தளைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் லொறிக்கார முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார்; நாங்கள் நானா என்போம். கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். "தங்கச்சி, மீன் கேக்குற ஆக்களக் கண்டிருக்கேன். மீனோட கடலையும் சேத்துக் கேக்குற ஆள் ஒங்கட ஊட்டுக்காரர்தான்," என்பார். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு வந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. தொட்டியில் வளர்த்துக் கொடுக்கிற ஒருவரிடமிருந்து காளான் போல விரிகிற மெல்லிய பவளங்கள் வந்தன. பிறகு நத்தைகள். அவர் காலை எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். எழுந்திருக்கவே அதுதான் காரணமாக இருந்தது.

தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததற்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வாகன பெட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரைத்தான் அவர் வாங்குவித்து ஊற்றினார். உணர்ச்சியில்லாத குதிகாலில் புண் வந்து, அது தெரியாமலேயே புழுத்து, காய்ச்சலோடு அவரைக் கண்டிக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில், ஆறு வாரமாகும் என்று யார் நினைத்தது? வீட்டில் இருந்த வடித்த தண்ணீர் நாலு நாளில் முடிந்துவிட்டது. நான் பாமசிக்கும் போக வேண்டும், பஸ் பிடித்துக் கண்டிக்கும் போக வேண்டும். நான் கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். நாங்கள் குடிக்கிற தண்ணீர்தானே என்று நினைத்தேன். எங்கள் கிணற்றுக்கு மேலே பக்கத்து வளவுக்காரர் போஞ்சிக்கும் கறிமிளகாய்க்கும் உரப் பசளை போட்டுக்கொண்டிருந்தார். மழையோடு அது கிணற்றுக்குள் இறங்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு பாறையின் மேல் கரும்பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. குட்டிக் குட்டி இறகுகள் போல. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஐந்தாவது வாரம் பாறை என்று எதுவும் தெரியவில்லை. பச்சை மயிர் அடர்ந்த ஏதோ மிருகம் தொட்டிக்குள் படுத்திருப்பது போல இருந்தது. காளான் பவளங்கள் அதற்குள் சுருங்கிப் போய்க் கிடந்தன. பல் தூரிகை வாங்கி, வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பாறையாகத் தேய்த்தேன். தேய்த்தது உதிர்ந்து போன இடமெல்லாம் புதிதாக முளைத்தது. என் கை முழங்கை வரை சொறிந்து சிவந்துவிட்டது. போனில் தேடித் தேடி வாசித்ததில் இதன் பெயர் இறகுப்பாசி என்றும், மனிதர்களுக்குப் பூஞ்சை நோய்க்குக் கொடுக்கிற ஒரு கப்சூல் இதைக் கொல்லும் என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அது என் கைக்கெட்டிய தூரத்தில், எங்கள் பாமசியின் மூன்றாவது தட்டிலேயே இருந்தது. கணக்குப் பார்த்து உடைத்துப் போட்டேன்.

கொன்றது உண்மைதான். ஒரு வாரத்துக்குள் பாசி வெளிறி, சாம்பல் நிறமாகி, கூழாக அழுகியது. அழுகுகிற பொருள் தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் தின்றுவிடும் என்பதை நான் வாசிக்கவில்லை, அல்லது வாசித்தும் மனதில் ஏற்றவில்லை. அந்த வாரமே மழைக்கு மரம் விழுந்து அரை நாள் மின்சாரம் இல்லை. நத்தைகள் ஒன்றுவிடாமல் செத்தன. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதற்கு மறுநாள்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வாசலில் நடைச்சட்டத்தை ஊன்றி நின்று அவர் தொட்டியைப் பார்த்தார். அறை முழுக்க நாற்றம். நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் கேட்டால்தானே சொல்வதற்கு? கட்டிலில் போய் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி மேலே வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்னங்க, சுத்தம் பண்ணிரலாம். நான் பண்ணிர்றேன்."

"கொட்டிரு."

"மீன் ரெண்டும் உசிரோட இருக்குங்க."

"எல்லாத்தையும் கொட்டிருன்னு சொல்றேன்ல."

நான் கொட்டவில்லை. அந்த நேரத்தில் எனக்கு மீன் மீதும் பவளம் மீதும் ஒரு ஆசையும் இல்லை. அந்தத் தொட்டியை வெறுத்தேன். ஆனால் அது இல்லாத முன்னறையில் அவர் என்ன செய்வார்? முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் கழுவி, நானா கொண்டுவந்த புதுக் கடல் தண்ணீரை நிரப்பி, காற்றுப் பம்ப் ஒன்றைப் பூட்டினேன். மீன்கள் இரண்டையும், உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இரண்டு காளான் பவளக் கற்களையும் அதற்குள் மாற்றினேன். பம்பின் பிளக்கைச் செருகும் இடம் அவருடைய தலைமாட்டில்தான் இருந்தது. அதனால் பீப்பாய் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. பழைய மணலை வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டினேன். பாறைகளைக் குளோரின் தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்து, நாலு தண்ணீரில் அலசி, காய்வதற்கு, சமைக்கிற குசினியின் தகரக் கூரையில் வரிசையாக வைத்தேன்.

மாத்தளையில் எதையாவது கூரையில் காயவைத்தால் குரங்கு வரும். மிளகென்றால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இவை என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. கடித்துப் பார்த்தது, பிடிக்காமல் வீசியது. அவர் மாதக் கணக்கில் வார்த்த பாறைகளில் மூன்று பக்கத்து வீட்டு முற்றத்தில் சிதறின. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே அந்த வீட்டு மதிலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "ஐயோ, அடி பட்டிருச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி உடனே மீனை விட முடியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வந்து குடியேறி, அழுக்கைத் தின்னப் பழக வேண்டும். அதற்கு முதலில் ஏதாவது அழுக வேண்டும். நானாவிடம் ஓர் இறால் கேட்டேன்.

"ஒன்டா? ஒரு கிலோவா?"

"ஒன்னே ஒன்னு, நானா. அழுக வைக்க."

அவர் நல்ல பெரிய இறாலாக ஒன்றைத் தாளில் சுற்றித் தந்தார்.

கழுவிக் காய்ந்த பாறைகளுக்கும் புது மணலுக்கும் நடுவில் அந்த இறால் கிடந்து நாறியது. தினமும் மாலையில் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துத் துளி விட்டு நிறம் பார்த்தேன். மஞ்சள் என்றால் நஞ்சு இல்லை. பச்சை என்றால் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பச்சை. கடும் பச்சை. அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் உண்பார். தேவாலயத்திலிருந்து சுவாமி வந்து பேசிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். நான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குக் கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்குல்ல?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்பேன்.

ஒரு வியாழக்கிழமை பாமசியிலிருந்து ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஏன் அமைதி என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பம்பின் இரைச்சல் இல்லை.

பீப்பாயை எட்டிப் பார்த்தேன். பெரிய மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. சின்னது மேல் மட்டத்தில் வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தது.

"கரண்ட் போச்சாங்க?"

"இல்ல."

விளக்கைப் போட்டேன். எரிந்தது. பம்பின் பிளக் தரையில் கிடந்தது.

"நான்தான் கழட்டினேன்," என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"ஏன்?"

நான் பிளக்கைச் செருகினேன், கையால் தண்ணீரை அடித்துக் கலக்கினேன். சின்ன மீன் என் விரல்களுக்கிடையில் வந்து முட்டியது.

"ஏங்க? சொல்லுங்க, ஏன்?"

"அதுங்க எதுக்கு அந்தப் பீப்பாக்குள்ள கிடந்து இழுத்துக்கிட்டுக் கிடக்கணும்? முடிஞ்சிட்டா நிம்மதி."

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. ஆறு வாரம் பஸ்ஸில் போனதை, கை சொறிந்ததை, குரங்கை, எல்லாவற்றையும் கத்தியிருப்பேன். கத்தி முடிந்து குசினியில் போய் நின்றபோதுதான் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்டது. அவர் மீனைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பிப் போய், "தலகாணி உறை மாத்தணும், எழும்புங்க," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவர் மறுத்தார். நான் உருவினேன். உறைக்குள், ஒரு துணித்துண்டில் முடிந்தபடி, நான் வேளாவேளைக்குக் கையில் கொடுத்து, விழுங்கிவிட்டார் என்று நம்பிய மாத்திரைகள் இருந்தன. மாத்திரை எண்ணுவதுதான் என் தொழில். அன்றைக்கு நான் எண்ணவில்லை. அப்படியே முந்தானையில் கொட்டிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய உணர்ச்சியில்லாத காலைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது என்பது எனக்கு மறந்துவிட்டது.

மறுநாள் நானாவுக்குப் போன் எடுத்து, "இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், நானா. ஒத்தையா என்னால ஏலாது," என்று மட்டும் சொன்னேன். சந்தையில் மீன் இறக்கியதும் நேராக லொறியோடு வந்துவிட்டார். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. அவரைக் குழந்தை போலத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். இவர், "விடுங்க நானா, நான் எங்கயும் வரல்ல," என்றபோது, "ஒங்கள யாரு கேட்ட, தம்பி? தங்கச்சி செல்லிட்டா. நான் லொறி ஓட்டுற ஆள், அவ்வளவுதான்," என்று கதவைச் சாத்தினார்.

மனநல கிளினிக்கின் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன்.

"பாசி என்னாலதான் வந்துச்சு. நான் கிணத்துத் தண்ணிய ஊத்திட்டேன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"கண்டியில இருக்கப்பவே. வடிச்ச தண்ணி நாலு நாளைக்குத்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ வர்ற நேரமெல்லாம் மீன் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்ன. நான் ஒரு நாளும் கேக்கல. கேக்காம நீ ஒன்னையும் சொல்ற ஆளில்ல."

"அப்ப ஏங்க என்னை ஒரு வார்த்தை ஏசல?"

"ஏசுறதுக்கும் தெம்பு வேணும்."

டொக்டர் நோனா இளவயதுக்காரி. சிங்களத்தில்தான் கேட்டார். என் கணவரும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். எத்தனை மாதமாக உயிரோடிருக்க விருப்பமில்லை, எந்த நேரத்தில் அந்த நினைப்பு அதிகமாக வருகிறது, என்ன செய்யத் திட்டம் போட்டிருந்தார் என்று, தமிழில் என்னிடம் ஒரு சொல்கூடச் சொல்லாததையெல்லாம் அந்த மொழியில், மருந்துச் சீட்டு வாசிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார் என்று பிறகு நினைத்தேன். டொக்டர் அவரை அங்கேயே வார்டில் வைத்துக்கொண்டார். "நீங்க செஞ்சது சரி," என்று என்னிடம் ஒரே ஒரு வரி, தடுமாறித் தமிழில் சொன்னார். நான் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போய் நின்று அழுதேன்.

அவர் இல்லாத வீட்டில் நானும் அந்த ஒற்றை மீனும் இருந்தோம். தினமும் குழாயில் நிறம் பார்த்தேன். ஒரு நாள் பச்சை வெளிறியது. இரண்டு நாள் கழித்து மஞ்சள். நான் நம்பவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் விடாமல் மஞ்சள் வந்த பிறகுதான் மீனைத் தொட்டிக்கு மாற்றினேன். பழக்கமில்லாத இடத்தில் அது ஒரு மூலையில் போய் நின்றது. காளான் பவளக் கற்களில் ஒன்று கரைந்தே போய்விட்டது. மற்றதில் நகம் அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் வார்டிலிருந்து வந்த நாளில் தொட்டியை ஒரு தடவை பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார். வீட்டிலுள்ள மருந்தெல்லாம் இப்போது பூட்டிய பெட்டியில்தான். ஒவ்வொரு வேளையும் அவர் விழுங்கும்வரை எதிரில் நிற்கிறேன். வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அவர் காட்டுகிறார். அது இருவருக்கும் அவமானமாக இருக்கிறது. சில நாள் எழுந்து உட்கார்ந்து மீனுக்குத் தீனி போடுவார். சில நாள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பாமசியில் நிற்கும்போது போன் அடித்தால் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கும் மாத்திரையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன். பெரிய மீன் செத்ததைப் பற்றி ஒரே ஒரு தடவை, நான் கேட்காமலே, "நான் செஞ்சது பாவம்," என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

போன மாதம் மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா இரண்டு கேன் தண்ணீரோடு வந்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நான் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் நடைச்சட்டம் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கேனின் மூடி திறபடும் சத்தம்.

"நானா, இது எங்க அள்ளினது?"

"கடல்லதான், தம்பி."

"கடல்ல எங்கன்னு கேக்குறேன்."

"பாலத்துக்குக் கிட்ட. லொறிய நிப்பாட்ட அங்கதான் வசதி."

"பாலத்துக்குக் கிட்ட ஆறு வந்து விழுது! இந்த மழைக்கு அங்க இருக்கிறது கடல் தண்ணியா? வாயில வச்சுப் பாருங்க. உப்பே இல்ல. இத ஊத்தினா மறுபடி எல்லாம் போயிரும்."

"அல்லாவே, உப்பு இல்லையா? நான் அவ்வளவு தூரத்துல இருந்து சொமந்துட்டு வாறேன், நீங்க கட்டில்ல கிடந்துக்கிட்டு நொட்ட செல்றீங்க!"

"நான் கட்டில்லயா கிடக்கேன்? நிக்கிறேன், கண்ணு தெரியல்லயா? திரும்பக் கொண்டு போங்க. அடுத்த கிழமை வெளிக்கடல் பக்கமா போய் அள்ளிட்டு வாங்க."

"போகாட்டி?"

"போகாட்டி நானே லொறியில ஏறி வாறேன்."

இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன சண்டை என்று கையால் கேட்டாள். நான் கஞ்சியை வடித்துவிட்டுப் பானையை நிமிர்த்தி வைத்தேன். போய்ச் சமாதானம் செய்யலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். செய்யவில்லை. குசினிக் கதவோரம் நின்று அவர் ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கேனும் லொறியில் திரும்ப ஏறின.